ரத்தக்குழாய் அடைப்பும் காம்ப்ளிமென்ட் சிஸ்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்ட் பிளாக், ஸ்டென்ட், பைபாஸ்னு பேச்சு வந்தாலே எல்லாரும் கொலஸ்ட்ரால் பத்தி மட்டும்தான் பேசுறோம். அது தப்பில்ல, முதல் குற்றவாளி அதுதான். ஆனா அந்த கொலஸ்ட்ரால் போய் உக்காந்த இடத்துல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே என்னென்ன செய்யுதுங்கறது பெரிய கதை, அதுல காம்ப்ளிமென்ட்ங்கற பகுதிய பத்தி தமிழ்ல ரொம்ப கம்மியாத்தான் எழுதியிருக்காங்க. அதான் வர்ற கேள்விகளையெல்லாம் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

காம்ப்ளிமென்ட்னா என்னங்க?

நம்ம ரத்தத்துல சும்மா மிதந்துகிட்டு இருக்கற ஒரு புரதக் கூட்டம். 30க்கும் மேல இருக்கு, பெரும்பாலும் கல்லீரல்ல தயாராகுது. சி1ல இருந்து சி9 வரைக்கும் நம்பர் போட்ட பேருங்க, அதுபோக ஃபேக்டர் பி, ஃபேக்டர் டி, ஃபேக்டர் எச்னு இன்னும் சில. இதுல சி3தான் அளவுல அதிகம், ஆரோக்கியமான ஆளுக்கு 100 மில்லி சீரத்துல (ரத்தம் உறைஞ்சப்பறம் பிரிஞ்சு வர்ற தெளிஞ்ச திரவம்) 90ல இருந்து 180 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும்னு லேப் ரிப்போர்ட்ல பாக்கலாம். சாதாரணமா இதுங்க எல்லாம் தூங்கிட்டுத்தான் இருக்கும். ஒரு கிருமியோ, செத்த செல்லோ, உடம்புக்கு ஒத்துக்காத எதுவோ கண்ணுல பட்டா ஒண்ணு இன்னொண்ண வெட்டி எழுப்பும், அது அடுத்தத எழுப்பும், சில நிமிஷத்துல பெரிய படையா ஆயிடும்.

இத எப்ப கண்டுபிடிச்சாங்க?

பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வேலை பாத்த ஜூல் போர்டே 1890கள்ல கண்டுபிடிச்சார். சீரத்துல பாக்டீரியாவ கொல்ற சக்திக்கு ரெண்டு பங்கு இருக்கு, ஒண்ணு சூட்ட தாங்கும் (அது ஆன்டிபாடி), இன்னொண்ணு சுமார் 56 டிகிரில சூடு பண்ணா செத்துடும், அதுதான் காம்ப்ளிமென்ட். காம்ப்ளிமென்ட்ங்கற பேர பால் எர்லிக் வச்சார். போர்டேக்கு 1919ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைச்சுது.

லேப்ல வேலை பாக்கறவங்களுக்கு இது புதுசே இல்ல. விடிஆர்எல்ங்கற சிபிலிஸ் டெஸ்டுக்கு முன்னாடி சீரத்த வாட்டர் பாத்ல 56 டிகிரில 30 நிமிஷம் வைப்போமே, ஏன் வைக்கறோம்? காம்ப்ளிமென்ட்ட அழிக்கத்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அதே 56 டிகிரி. டைமர் அடிச்சதும் டியூப்ப எடுத்தா வெளியில இருந்து பாக்க ஒரு மாற்றமும் தெரியாது, நிறம்கூட மாறாது, ஆனா அந்த சீரத்தால இனிமே ஒரு பாக்டீரியாவ கூட ஓட்டை போட முடியாது.

இது எப்படி ஆன் ஆகுது? மூணு வழி இருக்குன்னு சொல்றாங்களே?

ஆமா. ஒண்ணு கிளாசிக்கல் வழி, சி1க்யூங்கற புரதம் ஆன்டிபாடியயோ, செத்துக்கிட்டு இருக்கற செல்லயோ, சிஆர்பியயோ (உடம்புல இன்ஃப்ளமேஷன், அதாவது உள் வீக்கம் இருந்தா ரத்தத்துல ஏறற புரதம்) பிடிச்சுகிட்டா ஆரம்பிக்கும். ரெண்டாவது லெக்டின் வழி, கிருமி மேல இருக்கற சர்க்கரை அமைப்ப பிடிக்கறது. மூணாவது ஆல்டர்நேட்டிவ் வழி, இதுக்கு யாரும் எழுப்பவே வேணாம், சி3 எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா தானாவே உடைஞ்சுகிட்டே இருக்கும், பாதுகாப்பு இல்லாத ஒரு பரப்பு கிடைச்சா அங்க பத்திக்கும்.

மூணு வழியும் சி3 கிட்ட வந்து சேரும். சி3 உடைஞ்சா சி3பி வரும், அது போய் எதிரி மேல ஒட்டிக்கும், எலெக்‌ஷன்ல விரல்ல மை வைக்கற மாதிரி அடையாளம், அத பாத்துட்டு மேக்ரோஃபேஜ்ங்கற விழுங்கற வெள்ளணு வந்து விழுங்கிடும். அதுக்கப்பறம் சி5 உடையும், அதுல வர்ற சி5ஏ ஒரு அலாரம், வெள்ளணுக்கள எல்லாம் அந்த இடத்துக்கு கூட்டிட்டு வரும். மிச்சம் இருக்கற சி5பி, சி6, சி7, சி8, கூடவே பல சி9 எல்லாம் சேந்து செல்லோட சவ்வுல ஒரு வட்டமான ஓட்டைய போடும். இந்த ஓட்டைய போடற கூட்டத்துக்கு மேக்னு பேரு, கீழ அடிக்கடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

நம்ம செல்லுங்களையே இது ஓட்டை போடாம இருக்க காவல் புரதங்க இருக்கு: சிடி55, சிடி46, சிடி59, ரத்தத்துல ஃபேக்டர் எச். அடைப்பு கதையில இந்த காவல்காரங்கதான் ரொம்ப முக்கியம்.

அடைப்பு கொலஸ்ட்ரால் பிரச்சனைதானே? இதுல இம்யூனிட்டி எங்க வந்துச்சு?

கொலஸ்ட்ரால் இல்லாம கதையே ஆரம்பிக்காது, இத யாரும் மறுக்கல. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றது) துகள் ரத்தக்குழாயோட உள் அடுக்குக்கு கீழ போய் மாட்டிக்குது, அங்கயே கிடந்து ஆக்சிடைஸ் ஆகுது, என்சைம் கடிச்சு உருமாறிப் போகுது. உருமாறின எல்டிஎல்ல உடம்பு தன்னோட பொருளா பாக்கறதில்ல. மேக்ரோஃபேஜ் வந்து விழுங்கி விழுங்கி உள்ள கொழுப்பா ரொம்பி ஃபோம் செல்லா மாறி அங்கயே செத்துப் போகுது, செத்த செல்லுல இருந்த கொலஸ்ட்ரால் வெளிய கொட்டி ஊசி ஊசியா கிறிஸ்டல் ஆகுது. உருமாறின எல்டிஎல், செத்த செல், கொலஸ்ட்ரால் கிறிஸ்டல், இந்த மூணுமே காம்ப்ளிமென்ட்ட எழுப்பும். அதனால கொலஸ்ட்ராலா இம்யூனிட்டியான்னு கேக்கறதே சரியில்ல, முதல்ல கொலஸ்ட்ரால் வருது, அது அங்கயே தங்கிட்டதால இம்யூனிட்டி வருது.

அடைப்புக்குள்ள காம்ப்ளிமென்ட் இருக்குன்னு நேரா பாத்திருக்காங்களா, இல்ல தியரியா?

நேரா பாத்ததுதான். 1980கள்லயே மனுஷங்களோட ரத்தக்குழாய்ல இருந்து எடுத்த கொழுப்புப் படிவ வெட்டி, ஸ்டெயின் பண்ணி பாத்து, மேக் அங்க படிஞ்சிருக்கறத காமிச்சிட்டாங்க. ஆரோக்கியமான குழாய்ல அது இல்ல, இல்லன்னா ரொம்ப கம்மி.

அதுக்கப்பறம் வந்த ஆராய்ச்சில ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆரம்ப நிலை படிவ எடுத்து பாத்தா உள் அடுக்கோட மேல்பக்கத்துல, அதாவது ரத்தம் ஓடற பக்கத்துல, ஃபேக்டர் எச் நிறைய இருக்கு, அங்க சி3 வரைக்கும் வந்துட்டு நின்னுடுது, மேக் உருவாகல. கொஞ்சம் ஆழத்துக்கு போனா ஃபேக்டர் எச் இல்ல, அங்கதான் மேக் குவிஞ்சு கிடக்கு. ஒரே சுவர்ல, அரை மில்லிமீட்டர் கூட இல்லாத தூரத்துல, மேல கட்டுப்பாடு இருக்கு, கீழ கட்டுப்பாடு போயிடுச்சு.

மேக் ஓட்டை போட்டா செல் செத்துடுமேன்னு தோணும், ஆனா ரத்தக்குழாய் செல்லுங்க அவ்வளவு சுலபமா சாகாது. கம்மியான ஓட்டை விழுந்தா செல் தன்ன சரி பண்ணிக்கும், ஆனா அந்த அதிர்ச்சில வளர்ச்சி சிக்னலயும், வெள்ளணுவ கூப்பிடற சிக்னலயும் வெளிய விடும். குழாயோட தசை செல்லுங்க பெருக ஆரம்பிக்கும். படிவு இன்னும் தடிக்கறதுக்கு அது ஒரு காரணம்.

அப்ப காம்ப்ளிமென்ட் கெட்டது, அத நிறுத்திட்டா அடைப்பு வராதா?

இந்த கேள்விக்கு ஆமா இல்லன்னு ஒரு வரில பதில் சொல்றவங்கள நம்பாதீங்க. மிருக ஆராய்ச்சி முடிவுகள வரிசையா பாத்தா நீங்களே புரிஞ்சுக்குவீங்க.

சி6 பிறவியிலயே இல்லாத முயல்ங்க இருக்கு. அதுங்களுக்கு மேக் உருவாகவே முடியாது. அந்த முயலுக்கும் சாதாரண முயலுக்கும் கொலஸ்ட்ரால் தீனி குடுத்து பாத்தாங்க, 1998ல வெளியான ஆராய்ச்சி. ரத்தத்துல கொலஸ்ட்ரால் ரெண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஏறுச்சு, ஆனா சி6 இல்லாத முயல்ங்களுக்கு படிவு ரொம்ப கம்மி. சரி, அப்ப மேக்தான் வில்லன். எலில சிடி59 காவல்காரன எடுத்துட்டு பாத்தாங்க, படிவு அதிகமாச்சு, இதுவும் பொருந்துது.

ஆனா சி3 இல்லாத எலிய பாத்தா என்ன ஆகணும்? சி3 இல்லன்னா பின்னாடி எதுவுமே இல்ல, படிவு கம்மியாகணும்னுதான் எல்லாரும் எதிர்பாப்போம். நடந்தது நேர்மாறு, படிவு அதிகமாச்சு. சி1க்யூ இல்லாத எலிக்கும் அதேதான், படிவு பெருசாச்சு, அதுல செத்த செல்லுங்க அள்ளப்படாம குவிஞ்சு கிடந்துச்சு. சி5 இல்லாத எலிக்கு பெரிய வித்தியாசமே தெரியலன்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ஃபேக்டர் பி இல்லாத எலிக்கு படிவு கம்மி.

குழப்பமா தெரியுதில்ல? ஆனா அந்த சி5 எலி முடிவ தவிர்த்துட்டு பாத்தா ஒரு ஒழுங்கு இருக்கு. ஆரம்ப கட்டம், அதாவது சி1க்யூ, சி3, இதுங்க செத்த செல்லையும் கெட்டுப்போன எல்டிஎல்லையும் அடையாளம் போட்டு சத்தமில்லாம அள்ளிட்டு போற வேலைய செய்யுது. அது நின்னா குப்பை சேருது. கடைசி கட்டம், சி5ஏவும் மேக்கும், அலாரமும் ஓட்டையும், அதுதான் சேதம் பண்ணுது. என்னோட அபிப்பிராயம் என்னன்னா இந்த விஷயத்துல தெரிஞ்சுக்க வேண்டியதே இவ்வளவுதான்: முழுசா அணைச்சா கெடுதல், முழுசா விட்டாலும் கெடுதல், எந்த படியில பிடிக்கறோம்ங்கறதுதான் கேள்வி. இத மறந்துட்டு "இம்யூனிட்டிய அடக்கணும்"னும் "இம்யூனிட்டிய ஏத்தணும்"னும் ரெண்டு பக்கமும் வீடியோ போடறாங்க, பாக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கு.

கொலஸ்ட்ரால் கிறிஸ்டல்னு சொன்னீங்க, அது என்ன பண்ணுது?

மைக்ரோஸ்கோப்ல பாத்தா தட்டையா, ஓரம் கூரா, ஊசியாவும் தகடாவும் இருக்கும். அது மேல சி1க்யூ நேரா ஒட்டிக்கும், ஆல்டர்நேட்டிவ் வழியும் பத்திக்கும், சி5ஏ வெளிய வரும். சி5ஏ மேக்ரோஃபேஜ தயார் பண்ணி வைக்கும், அப்பறம் அதே மேக்ரோஃபேஜ் கிறிஸ்டல விழுங்கினதும் உள்ள இன்ஃப்ளமசோம்னு ஒரு மெஷின் ஓட ஆரம்பிச்சு ஐஎல்-1 பீட்டாங்கற வீக்க சிக்னல வெளிய தள்ளும். ரெண்டும் சேந்தாதான் முழு வேகம். 2021ல வந்த ஒரு ஆராய்ச்சி இன்னும் உள்ள போய், சி5ஏவ பிடிக்கற ரிசெப்டர் மேக்ரோஃபேஜோட மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற பகுதி) மேலயே இருக்கு, அதுதான் இந்த ஐஎல்-1 பீட்டா உற்பத்திய ஏத்தி விடுதுன்னு காமிச்சுது. ரத்தத்துல மிதக்கற சமாச்சாரம்னு நூறு வருஷமா படிச்ச ஒண்ணு செல்லுக்குள்ளயே வேலை செய்யுதுங்கறது பெரிய திருப்பம்.

எனக்கு சுகர் இருக்கு. அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, கவனமா படிங்க. சிடி59ன்னு ஒரு காவல் புரதம் சொன்னேன் இல்லயா, நம்ம செல் மேல நின்னு மேக் ஓட்டைய தடுக்கறது. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாளா அதிகமா இருந்தா அந்த சர்க்கரை புரதங்க மேல ஒட்டிக்கும், எச்பிஏ1சிங்கற சுகர் டெஸ்ட்ல நாம அளக்கறதும் ஹீமோகுளோபின் மேல ஒட்டின சர்க்கரையத்தான். அதே மாதிரி சிடி59 மேலயும் ஒட்டிக்குது, ஒட்டினதும் அதால தடுக்கற வேலைய செய்ய முடியல. சுகர் பேஷன்ட்டுங்களோட கிட்னிலயும் நரம்புலயும் இப்படி சர்க்கரை ஒட்டின சிடி59ம், பக்கத்துலயே மேக் படிவும் சேந்து இருக்கறத பாத்திருக்காங்க. சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் சீக்கிரம் கெடறதுக்கு இது ஒரே காரணம் இல்ல, பல காரணத்துல ஒண்ணு.

உடம்பு கொழுப்பும் இதுல சேருது. கொழுப்பு செல்லுங்க சி3ய தயாரிக்கும், ஃபேக்டர் டிய தயாரிக்கும் (அடிப்சின்னு சொல்றது அதத்தான்). அதனாலதான் தொப்பை, இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கறவங்களுக்கு சி3 அளவு தூக்கலா இருக்கறத பல ஆராய்ச்சில பாக்கறோம்.

லூபஸ் பேஷன்ட்டுக்கு ஏன் சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வருது?

லூபஸ்ங்கறது எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற நோய். அதுல நோய் தீவிரமா இருக்கறப்ப காம்ப்ளிமென்ட் செலவாகிட்டே இருக்கும், ரிப்போர்ட்ல சி3, சி4 கம்மியா வரும். பிறவியிலயே சி1க்யூ இல்லாதவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு லூபஸ் மாதிரி நோய் வந்துடுது, செத்த செல்ல அள்ற வேலை நின்னா என்ன ஆகும்ங்கறதுக்கு இதவிட பெரிய சாட்சி வேணாம். அமெரிக்காவுல 1997ல வந்த ஒரு ஆராய்ச்சில 35ல இருந்து 44 வயசு லூபஸ் பெண்களுக்கு அதே வயசு மத்த பெண்கள விட ஹார்ட் அட்டாக் 50 மடங்குக்கு மேல அதிகம்னு வந்துச்சு. அந்த வயசுல மத்த பெண்களுக்கு ஹார்ட் அட்டாக் ரொம்ப அபூர்வம்ங்கறதாலதான் மடங்கு அவ்வளவு பெருசா தெரியுது, ஆனாலும் சின்ன விஷயம் இல்ல. ஸ்டீராய்டு, பிபி, கிட்னி பாதிப்பு எல்லாமே சேந்த கணக்கு அது. வீட்டுல லூபஸ் இருக்கற அக்கா தங்கச்சி யாராவது நெஞ்சு வலின்னு சொன்னா "இந்த வயசுலயா, கேஸா இருக்கும்"னு விட்டுடாதீங்க, உடனே ஈசிஜி எடுங்க.

ஹார்ட் அட்டாக் வந்த உடனே காம்ப்ளிமென்ட்ட தடுக்கற மருந்து குடுத்து பாத்தாங்களா?

பாத்தாங்க, பெரிய அளவுல பாத்தாங்க, அது நெஞ்ச உடைக்கற கதை. அட்டாக் வந்த இதயத் தசையில, அதுவும் அடைப்ப திறந்து ரத்தம் திரும்ப பாயறப்ப, காம்ப்ளிமென்ட் பயங்கரமா ஆன் ஆகும். 1990ல எலிங்களுக்கு காம்ப்ளிமென்ட்ட தடுக்கற ஒரு புரதத்த குடுத்ததுல செத்த தசையோட அளவு 44 சதவீதம் குறைஞ்சுது. எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை.

அப்பறம் சி5ய தடுக்கற பெக்ஸெலிசுமாப்னு ஒரு மருந்து வந்துச்சு. 2003ல வெளியான காம்மாங்கற ட்ரையல்ல, ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணவங்கள்ல 90 நாளுக்குள்ள இறந்தவங்க சும்மா மருந்து (ப்ளேசிபோ) குழுவுல 5.9 சதவீதம், பெக்ஸெலிசுமாப் ஊசியும் ட்ரிப்பும் போட்ட குழுவுல 1.8 சதவீதம். ஆனா வேடிக்கை பாருங்க, தசை சேதத்தோட அளவு குறையல, இறப்பு மட்டும் குறைஞ்சுது. அத உறுதி பண்ண இன்னும் பெருசா அபெக்ஸ் ஏஎம்ஐன்னு 5,745 பேஷன்ட்ட வச்சு நடத்தினாங்க, 2007ல முடிவு வந்துச்சு. 30 நாள்ல இறப்பு ரெண்டு பக்கமும் சுமார் 4 சதவீதம். ஒரு பலனும் இல்ல.

ஏன்னு கேட்டா, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ளயே சேதம் நடந்து முடிஞ்சிருக்கலாம், சி5 படிய மட்டும் தடுத்தா முன்னாடி இருக்கற படிகள் ஓடிட்டேதான் இருக்கும், இப்படி பல விளக்கம் சொல்றாங்க. சின்ன ட்ரையல்ல வந்த அழகான நம்பர நம்பி குதிக்கக் கூடாதுங்கறதுக்கு இத எப்பவும் காட்டலாம்.

அப்ப வீக்கத்த குறைக்கற மருந்து எதுவுமே இதயத்துக்கு வேலை செய்யலயா?

செஞ்சிருக்கு. மேல சொன்ன ஐஎல்-1 பீட்டாவ தடுக்கற கனகினுமாப் மருந்த கேன்டோஸ்ங்கற ட்ரையல்ல சுமார் 10,000 பேருக்கு பாத்தாங்க, எல்லாரும் ஏற்கனவே அட்டாக் வந்தவங்க, சிஆர்பி அதிகமா இருந்தவங்க. 2017ல முடிவு: கொலஸ்ட்ரால தொடாமலே, அட்டாக், ஸ்ட்ரோக், இதய நோயால இறப்பு மூணும் சேந்து 15 சதவீதம் குறைஞ்சுது. ஆனா உயிர் போற அளவு இன்ஃபெக்‌ஷன் கொஞ்சம் கூடுச்சு, மொத்த இறப்பு குறையல, விலையும் ஜாஸ்தி, அதனால இதயத்துக்குன்னு வழக்கத்துக்கு வரல.

கோல்சிசின், கவுட்டுக்கு குடுக்கற பழைய மலிவான மாத்திரை, 2020ல லோடோகோ2 ட்ரையல்ல நாள்பட்ட இதய நோயாளிங்களுக்கு ஆபத்த 31 சதவீதம் குறைச்சுது, 2023ல அமெரிக்காவுல இதயத்துக்கு அனுமதியும் கிடைச்சுது. ஆனா 2024ல அட்டாக் வந்த உடனே குடுத்து பாத்த பெரிய ட்ரையல்ல பலன் தெரியல. கிட்னி சரியில்லாதவங்களுக்கு இது ஆபத்து, சில ஆன்டிபயாட்டிக் கூடவும் சேராது, மெடிக்கல்ல நீங்களா வாங்கி போட்றாதீங்க.

காம்ப்ளிமென்ட்ட தடுக்கற மருந்து எந்த ரத்தக்குழாய் நோய்க்காவது நிஜமா பயன்படுதா?

பயன்படுது. ஆன்கா வாஸ்குலைட்டிஸ்னு சின்ன ரத்தக்குழாய்ங்க வீங்கி கிட்னியயும் நுரையீரலயும் கெடுக்கற நோய்க்கு, சி5ஏ ரிசெப்டர தடுக்கற அவகோபன் மாத்திரைக்கு 2021ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, ஸ்டீராய்டோட தேவைய நல்லா குறைக்குது. பிஎன்எச்ங்கற நோய்ல சிவப்பணு மேல சிடி55, சிடி59 இல்லாம போயி ரத்தம் உடைஞ்சு குழாய்ல உறையும், அதுக்கு சி5ய தடுக்கற எக்குலிசுமாப் 2007லயே வந்துடுச்சு, உயிர காப்பாத்தியிருக்கு. ஆனா இத எடுக்கறவங்களுக்கு மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வர்ற ஆபத்து பல மடங்கு ஏறும், தடுப்பூசி போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. அந்த கிருமிய கொல்ல மேக் ஓட்டை கண்டிப்பா வேணும், அதான் காரணம். சாதாரண அடைப்புக்கு வருஷக் கணக்கா இந்த மாதிரி மருந்து குடுக்க யாரும் துணியாததும் இதனாலதான்.

சிஆர்பி அதிகமா வந்திருக்கு. அதுதான் காம்ப்ளிமென்ட்ட ஆன் பண்ணி அடைப்பு உண்டாக்குதா?

சிஆர்பி சி1க்யூவ பிடிக்கும், அது உண்மை. ஆனா அதே சிஆர்பி ஃபேக்டர் எச்சயும் கூட்டிட்டு வந்து பாதியிலயே நிறுத்தவும் செய்யும். பிறவியிலயே மரபணுவால சிஆர்பி கொஞ்சம் அதிகமா இருக்கறவங்கள லட்சக்கணக்குல பாத்ததுல அவங்களுக்கு இதய நோய் அதிகம் வரல. அதனால சிஆர்பி ஒரு அடையாளம், உள்ள வீக்கம் இருக்குன்னு சொல்லும், அதுவே காரணம்னு சொல்ல முடியாது. சளி காய்ச்சல் இருந்தா கூட ஏறிடும், அப்ப எடுத்த ரிப்போர்ட்ட வச்சு பயப்படாதீங்க.

இம்யூனிட்டி பூஸ்டர் சாப்பிட்டா ரத்தக்குழாய் சுத்தமாகுமா?

ஆகாது. காம்ப்ளிமென்ட்ட ஏத்தறது நல்லதுன்னு நினைக்கறதே தப்புங்கறத மேலயே பாத்தாச்சு.

அப்ப இப்போதைக்கு நாம செய்யக் கூடியது என்ன?

எழுப்பற பொருள குறைக்கறதுதான். எல்டிஎல் குறைஞ்சா சுவர்ல சேர்றது குறையும், கிறிஸ்டல் குறையும், காம்ப்ளிமென்ட்டுக்கு வேலையே இல்லாம போகும். ஸ்டேட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரை அதத்தான் செய்யுது, கூடவே லேப்ல வளர்த்த ரத்தக்குழாய் செல்லுங்கள்ல சிடி55 காவல் புரதத்தயும் கூட்டறத பாத்திருக்காங்க. ஸ்டென்ட் வச்சு ஆறு மாசம் ஆனதும் "கல்லீரல் கெட்டுடும்"னு யாரோ சொன்னத கேட்டு ஸ்டேட்டின நிறுத்தற ஆளுங்கள தொடர்ந்து பாக்கறேன், தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. தசை வலி இருந்தா, எஸ்ஜிபிடி (கல்லீரல் டெஸ்ட்) ஏறியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி அளவையோ மாத்திரையையோ மாத்திக்கலாம். சுகர், பிபி கட்டுப்பாடு, பீடி சிகரெட் விடறது, இதெல்லாம் நீங்க கேட்டு கேட்டு அலுத்தது, ஆனா இதுக்கு மாத்தா எந்த காம்ப்ளிமென்ட் மருந்தும் இன்னும் வரல.

சி3, சி4 டெஸ்ட் எடுத்தா அடைப்பு வருமான்னு தெரியுமா?

தெரியாது. ஹார்ட் செக்கப்புக்காக யாரும் இத எடுக்க வேணாம், அந்த காசுக்கு லிப்பிட் ப்ரொஃபைலும் எச்பிஏ1சியும் எடுங்க. மூட்டு வலி, முகத்துல சிவப்பு தடிப்பு, யூரின்ல புரதம், கால் வீக்கம் இப்படி இருந்தா லூபஸோ கிட்னி நோயோன்னு பாக்க டாக்டர் எழுதுவார், அப்ப எடுக்கணும். வேற எதுக்கோ எடுத்து சி3, சி4 ரெண்டும் கம்மியா வந்திருந்தா கார்டியாலஜிஸ்ட் கிட்ட ஓடாதீங்க, முதல்ல ஒரு யூரின் டெஸ்ட், கிரியாட்டினின், ஏஎன்ஏ (லூபஸுக்கு பாக்கற ரத்த டெஸ்ட்) எடுத்துகிட்டு மூட்டுவாத டாக்டரயோ கிட்னி டாக்டரயோ பாருங்க. சாம்பிள் ரொம்ப நேரம் வெளிய கிடந்திருந்தாலும் அளவு மாறி வரும், அதனால சந்தேகமா இருந்தா வெளி கலெக்‌ஷன் சென்டர்ல குடுக்காம நேரா லேபுக்கே போயி ரத்தம் குடுத்து இன்னொரு தடவ பாத்துக்கோங்க.